மூலிகைக் குடிநீரிலிருந்து பொடி வரை: சாறு உலர்த்தப் புதிதாக வருவோருக்கு

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கீழாநெல்லிச் சூரணம் அரை ஸ்பூன், மற்றதில் கீழாநெல்லிச் சாற்றுப்பொடி அரை ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். முதல் டம்ளரில் பச்சைத் தூள் சுழன்று சுழன்று, சற்று நேரத்தில் வண்டலாக அடியில் படியும். இரண்டாவதில் பொடி தேநீர் நிறத்தில் கரைந்துவிடும். அடியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. சூரணம் செடியையே உலர்த்தி இடித்தது. சாற்றுப்பொடியோ, தண்ணீர் செடியிலிருந்து இழுத்துக்கொண்டதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை விரட்டியது. வியாபாரத்தில் இதை எக்ஸ்ட்ராக்ட் பவுடர் என்பார்கள்.

சித்த மருத்துவத்துக்கு இந்த எண்ணம் புதிதில்லை. சீந்தில் சர்க்கரை செய்பவர்கள் முற்றிய கொடியை நசுக்கித் தண்ணீரில் பிசைந்து, சக்கையை எடுத்துவிட்டு, நீரை அசையாமல் வைப்பார்கள். அடியில் படியும் வெண்ணிற மாவை, மேல்நீரை இறுத்துவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். மாவு கரையாமல் படிவதால் அந்த வழி அங்கே செல்லும். கீழாநெல்லிச் சாற்றிலும் நிலவேம்புச் சாற்றிலும் இருப்பது நீரில் கரைந்தே இருக்கிறது. அது படியாது. நீர் முழுவதையும் ஆவியாக்கித்தான் அதைப் பிடிக்க வேண்டும். நம் வேலை அங்கே தொடங்குகிறது.

இத்தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டிரையர் வாங்கலாம்?" என்பதுதான். இன்னும் ஆறு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள் என்பேன். பொடியின் தரத்தில் பெரும்பகுதி உலர்த்திக்குள் போவதற்கு முன்பும் அதிலிருந்து வெளியே வந்த பிறகும் முடிவாகிவிடுகிறது. அதைக் கற்றுக்கொள்ள எவர்சில்வர் பாத்திரமும் துல்லியமான தராசும் போதும்.

முதலில் காகிதத்தில் காய்ச்சுங்கள்

அடுப்பு பற்றவைக்கும் முன் கணக்குப் போடுங்கள். உலர்ந்த கீழாநெல்லி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் காய்ச்சலுக்கு எட்டு மடங்கு தண்ணீர், 160 லிட்டர். வடித்த சக்கைக்கு இரண்டாம் முறை ஆறு மடங்கு, 120 லிட்டர். சக்கை குடித்ததும் ஆவியானதும் போக 230 லிட்டர் வடிநீர் கைக்கு வருகிறது. இலை, தழை மூலிகைகளில் நீரில் இறங்கும் பொருள் உலர் எடையில் பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும். 15 என்று எடுத்தால் 3 கிலோ. அதாவது 230 லிட்டரில் திடப்பொருள் வெறும் 1.3 சதவீதம்.

சாற்றைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் இயந்திரம் ஸ்பிரே டிரையர். மணிக்கு 5 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் சிறிய ஸ்பிரே டிரையரில் இதை அப்படியே ஊற்றினால் 46 மணி நேரம் ஓட வேண்டும். அதையே 20 சதவீதத் திடப்பொருள் வரும்வரை சுண்டவைத்தால் சாறு 15 கிலோவாகிறது. அதில் தண்ணீர் 12 கிலோ. இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

சுண்டவைப்பதும் சும்மா நடப்பதில்லை. கொதிநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் வெப்பம் வேண்டும், ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரம். மேலே சொன்ன கணக்கில் சுண்டவைக்கும்போது போக வேண்டிய 215 லிட்டருக்கு, இழப்பு எதுவும் இல்லாமலேயே 135 யூனிட். நடைமுறையில் இன்னும் கூடும். பொடி ஏன் அந்த விலை விற்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். அதைவிட மிகக் குறைந்த விலைக்கு வரும் பொடியில் என்ன இருக்கும் என்று சந்தேகப்படவும் இந்தக் கணக்கே கற்றுத்தரும்.

செடியும் தண்ணீரும்

செடியை நீங்களே பார்த்து வாங்குங்கள். கீழாநெல்லியோடு அதே சாயலில் வேறு நெல்லிச் செடிகளும் கட்டில் கலந்து வரும். காய் காய்த்த செடியாகக் கேட்டு வாங்கினால் அடையாளம் காண்பது எளிது. நிழலில் காயவைத்து, கைவிரலால் ஒடித்தால் சத்தத்தோடு முறியும் பதத்தில், ஒன்றிரண்டாக நறுக்குங்கள். மாவாக அரைத்துவிடாதீர்கள். அரைத்தால் சத்து வேகமாக இறங்கும் என்று தோன்றும். ஆனால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் பிழிந்துகொண்டிருப்பீர்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். கீழாநெல்லி, நெல்லிக்காய், கடுக்காய் ஆகியவற்றில் துவர்ப்புப் பொருளான டானின் நிறைய உண்டு. அது இரும்பைத் தொட்டால் கறுக்கும். பழைய காலத்தில் கடுக்காயிலிருந்து மை செய்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். இரும்புச் சட்டியில் காய்ச்சிய சாறு கடைசியில் சாம்பல் கறுப்புப் பொடியாகும்.

பலரும் கவனிக்காமல் விடுவது தண்ணீரை. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருப்பது சாதாரணம். டி.டி.எஸ். மீட்டரில் அது 1000 என்று காட்டும். 230 லிட்டரில் 230 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கும் போகாது. நமக்குக் கிடைக்கப்போவது, பின்னால் சொல்லும் மாவையும் சேர்த்தே, நாலு கிலோவுக்கும் குறைவான பொடி. அதில் கிட்டத்தட்ட 6 சதவீதம் கிணற்று உப்பாகவே இருக்கும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான். செடியில் இருக்கும் ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கும் இதே விதி. சாற்றில் இறங்கியது பொடியில் செறிந்துவிடும். சாலையோரம், சாக்கடையோரம் பறித்த செடியை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

எல்லாச் சத்தும் தண்ணீருக்கு இறங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கீழாநெல்லியின் டானின் தண்ணீரில் நன்றாக வரும். அதே செடியிலுள்ள ஃபிலாந்தின் என்ற பொருள் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஆல்கஹாலில்தான் கரையும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடும் அப்படித்தான். ஆல்கஹாலில் எடுத்த சாற்றைச் சாதாரண டிரே டிரையரிலோ (தட்டுகளில் பரப்பி உலர்த்துவது) ஸ்பிரே டிரையரிலோ வைக்காதீர்கள். சூடான காற்றும் ஆல்கஹால் ஆவியும் சேர்ந்தால் தீ விபத்துதான். அதற்கென்று அமைத்த, ஆவியை மூடிய கலத்தில் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கும் ஆலைகளில் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. புதியவர்கள் தண்ணீர்ச் சாற்றோடு நிற்கட்டும்.

வடித்து, சுண்டவைத்து

கொதித்து அடங்கிய சாற்றைச் சூடாகவே முதலில் சல்லடையிலும் பிறகு இரட்டைத் துணியிலும் வடிகட்டுங்கள். ஸ்பிரே டிரையரின் தெளிப்பு முனைத் துளை, சிறிய இயந்திரங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நார் போதும் அடைக்க. தெளியட்டும் என்று சாற்றை இரவு முழுவதும் வெளியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். நம் வெக்கைக்கு விடியற்காலையில் மேலே நுரை கட்டி, புளித்த வாடை வந்துவிடும். அப்படி ஆனதைக் கொட்டிவிடுவது ஒன்றே வழி.

மூலிகைக் குடிநீரை, அதாவது கஷாயத்தை, எட்டொன்றாக வற்றவைப்பது நமக்குத் தெரிந்த முறை. அன்றே குடிக்கும் மருந்துக்கு அது சரி. இங்கே நாம் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகிறோம். திறந்த சட்டியில் அத்தனை நேரம் கொதித்தால் நிறம் கறுத்து, அடி பிடித்து, வாசனை ஓடிவிடும். உதகையில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிப்பதால் பருப்பு வேக நேரமாகும் என்று கேட்டிருப்பீர்கள். மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். அதே உண்மைதான், உள்ளிருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடுக்கும் மூடிய பாத்திரமான வேக்கம் பேனில் நமக்கு உதவுகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். மூடிய பாத்திரத்துக்குள் அதை 60 மில்லிமீட்டருக்கு இறக்கினால் தண்ணீர் ஏறக்குறைய 42 டிகிரியிலேயே கொதிக்கும். கை வைக்கக்கூடிய சூட்டில் சாறு சுண்டுகிறது.

வல்லாரை போன்ற, நுரைக்கும் சாறுகளுக்குப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நுரை பொங்கி பம்புக்குள் போய்விடும். பதம் பார்க்க, ஒரு சொட்டுச் சாற்றில் ஒளி வளைவதை வைத்துத் திடப்பொருளின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் 5 கிராம் சாற்றைத் தட்டில் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து, மிஞ்சியதை எடை போடுங்கள். கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் பாகின் இழுப்பைப் பார்த்தே பதம் சொல்வது போல, நாளடைவில் உங்களுக்கும் கரண்டியிலிருந்து வழியும் வேகமே சொல்லிவிடும். ஆனாலும் எண்ணை எழுதி வையுங்கள்.

எந்த வழியில் உலர்த்துவது

டிரே டிரையர் மலிவானது, கற்க எளிது. அல்வாப் பதத்துக்குச் சுண்டிய சாற்றைத் தட்டுகளில் மூன்று, நாலு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 50 முதல் 60 டிகிரி காற்றில் வைக்க வேண்டும். பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். முதல் சில மணி நேரத்தில் மேலே ஏடு கட்டும். அந்த ஏடு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. தடிமனாகப் பரப்பியவர்கள் மேலே கண்ணாடிபோலவும் அடியில் பசைபோலவும் ஒரு தகட்டைப் பெறுவது இதனால்தான். மெல்லப் பரப்பினால் கோடையில் குளத்துத் தரை வெடிப்பது போல விளிம்பு மேலெழுந்து செதில் செதிலாகப் பிரியும். அந்தச் செதிலை எடுத்து ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. படக்கென்று முறிந்தால் அரைக்கலாம். கீழாநெல்லி, நிலவேம்பு, கடுக்காய்ச் சாறுகளுக்கு, நிறம் சற்று மங்கினாலும் இந்த முறை போதும்.

அதே தட்டை வேக்கம் அறைக்குள் வைப்பது அடுத்த படி. 45, 50 டிகிரியில், அழுத்தம் குறைந்த இடத்தில், சாறு அப்பளம் பொரிவது போல உப்பி, தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாகக் காய்கிறது. அரைக்க மிக எளிது, கரைவதும் வேகம். தட்டை நிரப்பாமல் வையுங்கள். உப்புவதற்கு இடம் வேண்டும். சிறு தொழிலுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஸ்பிரே டிரையர்தான் சந்தையில் கிடைக்கும் பொடிகளில் பெரும்பாலானவற்றைச் செய்கிறது. உயரமான எவர்சில்வர்க் கூம்புக்குள் சாற்றைப் பனிப்புகைபோலத் தெளித்து, 150 முதல் 180 டிகிரி சூடான காற்றை அதோடு மோதவிடுகிறது. இவ்வளவு சூட்டில் மருந்து எரிந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மண்பானைத் தண்ணீர் மே மாத அனலிலும் குளிர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ஈரம் ஆவியாகும்வரை துளி சூடேறுவதில்லை. போகிற ஈரம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சில நொடிகளில் துளி துகளாகும்போது அதைச் சுற்றியுள்ள காற்று 75 முதல் 90 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஆகவே கண் வைக்க வேண்டியது வெளியேறும் காற்றின் சூட்டில். அது 90-ஐத் தாண்டி ஏறினால் சாறு வரும் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். 75-க்குக் கீழே இறங்கினால் குறையுங்கள். தொடங்கும்போது வெறும் தண்ணீரைத் தெளித்துச் சூட்டை நிலைநிறுத்திவிட்டுச் சாற்றுக்கு மாற வேண்டும். முடிக்கும்போதும் தண்ணீர்தான், இல்லையென்றால் முனை அடைத்துக்கொள்ளும். நுண்பொடி மூச்சுக்குள் போகும், தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். முகக்கவசமும் இயந்திரத்துக்கு எர்த் இணைப்பும் கட்டாயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் நெல்லிக்காய்ச் சாற்றை எதுவும் சேர்க்காமல் தெளித்துப் பார்த்தேன். வாடிக்கையாளருக்குக் கலப்பில்லாத பொடி தர வேண்டும் என்ற ஆசை. ஒரு மணி நேரம் கழித்துக் கலத்தைத் திறந்தால், அடியில் உள்ள புட்டியில் ஒரு கைப்பிடிகூடப் பொடி இல்லை. சுவர் முழுவதும் வெல்லப்பாகுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தால் நூல் நூலாக வந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுக்க மாலையாகிவிட்டது.

காரணத்தைப் பிறகுதான் முறையாகப் படித்தேன். பழச் சர்க்கரைகளுக்கும் புளிப்பு அமிலங்களுக்கும், கண்ணாடிபோல் இறுகிய நிலையிலிருந்து இளகும் வெப்பநிலை மிகத் தாழ்வு. முற்றும் உலர்ந்த நிலையிலேயே ஃபிரக்டோஸுக்கு அது 5 டிகிரி, குளுக்கோஸுக்கு 31, கரும்புச் சர்க்கரைக்கு 62. சிறிது ஈரம் இருந்தாலும் இன்னும் இறங்கும். 80 டிகிரிக் காற்றில் அவை இளகிச் சுவரில் ஒட்டாமல் வேறென்ன செய்யும்? மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொடிக்கு அந்த அளவு 140 டிகிரிக்கும் மேல். அதைக் கலந்தால் கலவையின் இளகும் வெப்பநிலை உயர்கிறது. துளி துகளாகவே விழுகிறது.

கடைசியாக ஃப்ரீஸ் டிரையர். சாற்றைச் சுமார் மைனஸ் 40 டிகிரிக்கு உறையவைத்து, அழுத்தத்தை 4.58 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் வெகுவாகக் கீழே கொண்டுபோனால், பனிக்கட்டி நீராகாமலேயே ஆவியாகும். நிறமும் வைட்டமின் சி-யும் நன்றாகத் தங்கும். ஒரு தவணைச் சாறு உலர ஒன்று, இரண்டு நாட்கள் ஆகும், செலவும் பல மடங்கு. துளசி வாசனைக்காக இதைத் தேடி வருகிறார்கள். வாசனை எண்ணெயில் ஒரு பகுதி காய்ச்சும்போதே போயிருக்கும், உலர்த்தும் முறையை மாற்றி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கற்றாழைச் சோறு, நெல்லிக்காய்ச் சாறு போன்று சூடு காட்டாமல் எடுத்தவற்றுக்கு இது தகும்.

மாவு சேர்ப்பதைப் பற்றி

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மக்காச்சோள மாவிலிருந்தோ மரவள்ளி மாவிலிருந்தோ எடுக்கும் வெள்ளைப் பொடி. சுவை ஏறக்குறைய இல்லை, நீரில் தெளிவாகக் கரையும். நம் கணக்கில் 3 கிலோ திடப்பொருளுக்கு 750 கிராம் சேர்த்தால், 4 சதவீத ஈரத்தோடு 3.9 கிலோ பொடி வர வேண்டும். சுவரிலும், காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் சைக்ளோனிலும் தங்குவது போகக் கொஞ்சம் குறையும். கீழாநெல்லிக்கு அந்த அளவில் தொடங்கிப் பாருங்கள். நெல்லிக்காய்க்கும் பழச்சாறுகளுக்கும் இன்னும் அதிகம் தேவைப்படும்.

இதைச் சேர்ப்பது குற்றமில்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். சிறுகுறிஞ்சான் பொடியையும் பாகற்காய்ப் பொடியையும் யார் வாங்குகிறார்கள்? சர்க்கரை நோயாளிகள். மால்டோடெக்ஸ்ட்ரின் உடலில் மிக வேகமாகக் குளுக்கோஸாகி ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பாதிக்குப் பாதி அதைக் கலந்துவிட்டு, உறையில் மூலிகைப் பெயரை மட்டும் அச்சிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அவர்களுக்கான பொடியை வேலம்பிசினில் செய்யுங்கள். அது நார்ச்சத்து, சர்க்கரையாக மாறாது, விலைதான் கூடுதல். அல்லது எதுவும் சேர்க்காமல் வேக்கம் தட்டில் உலர்த்துங்கள். எதைச் செய்தாலும், எத்தனை சதவீதம் என்று உறையில் எழுதுங்கள்.

பொடி பிறந்த பிறகு

சாற்றுப்பொடி காற்றிலுள்ள ஈரத்தைத் தேடிப் பிடித்துக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அப்போது தட்டில் திறந்து வைத்த பொடியைக் கவனியுங்கள். முதலில் நிறம் ஒரு சாயல் கூடும். பிறகு ஸ்பூன் பட்ட இடம் மூடாமல் பள்ளமாக நிற்கும். மறுநாள் காலையில் அது ஒரே கட்டி. முந்தைய நாளின் உழைப்பு முழுவதும் ஒரு ராத்திரியில் போய்விடும்.

ஆகவே அரைப்பதும் சலிப்பதும் கட்டுவதும் ஏ.சி.யும் ஈரநீக்கியும் ஓடும் சிறிய மூடிய அறையில் நடக்கட்டும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சுவரில் மாட்டிய மீட்டரைப் பார்த்துவிட்டே பாத்திரத்தைத் திறங்கள். பொடி அறைச் சூட்டுக்கு ஆறிய பின் கட்டுங்கள்; சூடாகக் கட்டினால் உறைக்குள்ளேயே வியர்த்துவிடும். அலுமினியத் தகடு சேர்ந்த உறையில் நன்றாகச் சூட்டுமுத்திரை போட்டு, பெரிய பைகளில் சிலிக்கா ஜெல் வையுங்கள். சாதாரண பாலித்தீன் பை போதாது.

ஈரம் பார்க்க, 5 கிராம் பொடியை 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவையுங்கள். 4.79 கிராம் மிஞ்சினால் ஈரம் 4.2 சதவீதம். ஐந்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு தவணைக்கும் நுண்ணுயிர்ச் சோதனையும், செடி வாங்கும் இடம் மாறும்போதெல்லாம் கன உலோகச் சோதனையும் ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை நம் நாட்டு மருந்து நூல்கள் வைத்திருக்கும் மேல் வரம்புகள்.

மருந்து என்று விற்கப்போகிறீர்கள் என்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். உணவுப் பொருளாகவோ ஊட்டச் சத்தாகவோ என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். இரண்டுமில்லாமல் அக்கம்பக்கத்துக்கு விற்றுப் பார்ப்போம் என்று தொடங்காதீர்கள். இயந்திரம் வாங்கும் முன், கூலிக்கு உலர்த்தித் தரும் ஆலை ஒன்றில் உங்கள் சாற்றை நாலைந்து தவணை ஓட்டிப் பாருங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சிகள் நடக்கின்றன. என்னென்ன வசதி உண்டு என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தவணையிலிருந்தும் மூன்று சிறு உறைகள் தனியாக எடுத்து, தேதி எழுதி வையுங்கள். ஒன்றை ஒரு மாதத்திலும், ஒன்றை மூன்று மாதத்திலும், ஒன்றை ஆறு மாதத்திலும் திறந்து, நிறம் பார்த்து, ஈரம் அளந்து, வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள். முதல் நாள் குறித்த எண்ணுக்குப் பக்கத்திலேயே புதிய எண்ணை எழுதுங்கள். ஆறாவது மாத உறையைத் திறந்த பிறகு டிரையர் வாங்கக் கடைக்குப் போகலாம்.